எதை மெஷினிடம் விடலாம், எதை விடக்கூடாது: வகுப்பறையில் பார்த்தவை

கணினி ஆசிரியர் என்று தெரிந்ததுமே பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "இப்போ எதுக்கு மவுசு இருக்கோ அதைச் சொல்லிக்கொடுங்க." ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனாலும் இதே கதைதான். "எந்த ஆப் நல்லா இருக்கும்னு மட்டும் சொல்லுங்க, போட்டுக்கிறோம்" என்பார்கள். இரண்டு தரப்பையும் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு மென்பொருளின் பெயர் அதற்குத் தோதாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பிடி ரொம்ப நாள் தாங்குவதில்லை. ஒரு காலத்தில் கணினி அனிமேஷன் என்றாலே ஃபிளாஷ்தான். மாணவர்கள் மாதக்கணக்கில் அதன் மெனுக்களை மனப்பாடம் செய்தார்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயரைக் கைவிட்டது. அன்று படித்த சிலரிடம் பின்னால் பேசிப் பார்த்திருக்கிறேன். மெனு ஒன்றுகூட நினைவில்லை. ஆனால் ஒரு பந்து துள்ளுவதை எத்தனை படங்களாகப் பிரிப்பது, உச்சியில் படங்களை நெருக்கியும் தரைக்குப் பக்கத்தில் விலக்கியும் வைப்பது ஏன் என்பதெல்லாம் அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டு வேறு எந்த மென்பொருளிலும் அவர்களால் புகுந்து வேலை பார்க்க முடிந்தது.

அதனால் புதிதாக எது வந்தாலும் நான் பார்ப்பது இதைத்தான்: இந்த வேலையில் எந்த உழைப்பு படிப்பாகிறது, எது வெறும் கைவேலை? எண்களை வைத்து வரைபடம் போட்டு, கோடு கிழித்து, நிறம் தீட்டுவது கைவேலை. அந்த வரைபடம் எந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடிப்பது படிப்பு. முதலாவதைத் தாராளமாக மெஷினிடம் விடலாம். இரண்டாவதையும் விட்டுவிட்டால் மாணவரிடம் ஒன்றும் மிஞ்சாது. சொல்வதற்கு எளிதாக இருக்கிறது, பிரிப்பதில்தான் வம்பு. ஒருவருக்குக் கைவேலையாக இருப்பது இன்னொருவருக்குப் படிப்பாக இருக்கும். பத்தாம் வகுப்பு மாணவர் இயற்பியல் கணக்கு போடும்போது இடையில் வரும் பெருக்கல் கைவேலை, கால்குலேட்டரைத் தொடட்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அந்தப் பெருக்கல்தான் பாடமே. ஆகவே "ஏஐ-யைப் பயன்படுத்தலாமா கூடாதா" என்று பள்ளி முழுவதற்கும் ஒரே விதி எழுதி ஒட்டுவது சரிப்படாது. யார், எந்தப் பாடத்தில், எந்தக் கட்டத்தில் என்று ஆசிரியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பதும் இந்த வேலையைத்தான்.

கண்டுபிடிக்கும் கருவியும் ரஃப் நோட்டும்

2022 நவம்பர் 30 அன்று, கேட்டதை எழுதிக் கொடுக்கும் ஏஐ சாட்பாட்டான சாட்ஜிபிடி வெளிவந்தது. சில மாதங்களுக்குள் வீட்டுப்பாடக் கட்டுரைகள் எல்லாம் ஒரே ஆள் எழுதியது மாதிரி வரத் தொடங்கின. முன்னுரையில் "இன்றைய நவீன உலகில்", முடிவுரையில் "ஆகவே நாம் அனைவரும்". (அதற்கு முன்பும் நோட்ஸைப் பார்த்து இப்படித்தான் எழுதினார்கள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.)

ஆசிரியர் அறையில் முதலில் எழுந்த யோசனை, பிடித்துத் தண்டிப்பது. அதற்கென்றே மென்பொருள்கள் வந்திருந்தன. கட்டுரையை ஒட்டினால் மெஷின் எழுதியதா மனிதர் எழுதியதா என்று சொல்லும். சொல்லும், அவ்வளவுதான். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. மெஷின் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாக அடையாளம் காட்டியது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை மெஷின் எழுதியது என்றது. இந்தக் கணக்கைச் சொன்னதும் அந்த நிறுவனம்தான். துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் கருவியைத் திரும்பப் பெற்றது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேல் மெஷின் எழுதியதாகக் காட்டின. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதினால் சந்தேகம் வந்துவிடும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுவது அப்படித்தானே?

எங்களிடமும் இது நடந்தது. நன்றாக எழுதும் ஒரு மாணவியின் கட்டுரையைக் கருவி சிவப்பாகக் காட்டியது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் போய் ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அடித்தல், திருத்தல், ஓரத்தில் அம்புக்குறி, நான்காவது பத்தியைச் சுற்றி வட்டம் போட்டு "மேலே" என்று எழுதியிருந்தது. ஆசிரியை கேட்டார்: "இதை ஏன் மேலே கொண்டுபோனே?" அவள் சொன்ன விளக்கம் கட்டுரையைவிட நன்றாக இருந்தது. அங்கிருந்துதான் எங்களுக்கு வழி பிறந்தது. கருவியை மூடிவிட்டோம். ரஃப் நோட்டைப் பார்ப்பது, இரண்டு கேள்வி கேட்பது, இந்த இரண்டும் போதும் என்று ஆயிற்று.

அப்புறம் வீட்டுப்பாடத்தையே மாற்ற வேண்டியிருந்தது. "போக்குவரத்தின் முக்கியத்துவம் பற்றிக் கட்டுரை வரைக" என்றால் மெஷின் பத்து நொடியில் எழுதிவிடும். எழுதட்டும், அந்தக் கேள்விக்கு அது போதும். நாங்கள் கேள்வியை இப்படி மாற்றினோம்: "உன் தடத்தில் கடைசிப் பேருந்து அரை மணி நேரம் முன்னால் போனால் யார் யாருக்கு என்ன ஆகும்?" வகுப்பிலேயே இருபது நிமிடம் கையால் எழுத வேண்டும். அதன் பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து அதே கேள்வியை சாட்பாட்டிடம் கேட்கலாம். கடைசியில் ஒரே ஒரு பத்தி எழுத வேண்டும்: அதில் இருக்கிற, ஆனால் என்னிடம் இல்லாத விஷயம் எது, என்னிடம் இருக்கிற, ஆனால் அதில் இல்லாத விஷயம் எது?

சாட்பாட் பயணிகள் வசதி, சுற்றுச்சூழல், பொருளாதாரம் என்று மூன்று தலைப்பில் அழகாகக் கொடுத்தது. ஒரு பையனின் தாளில் தலைப்பு எதுவும் இல்லை. மாலை ஷிஃப்ட் முடிந்து வரும் நர்ஸ் ஒருவர் பேருந்தைத் தவறவிட்டு ஆட்டோவுக்காக நிற்பதைப் பற்றி ஐந்து வரி எழுதியிருந்தான். பிறகு அதையே சாட்பாட்டிடம் சொன்னான். அது உடனே "மிக முக்கியமான கோணம்" என்று பாராட்டி அரைப் பக்கம் நீட்டியது. பையன் திரும்பிப் பார்த்து, "நான் சொன்ன பிறகுதான் சொல்லுது" என்றான். அந்தப் பாடவேளையில் நான் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான்.

கணிதத்தில் விஷயம் இன்னும் கறாரானது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஏறத்தாழ 1000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2025-ல் ஆய்விதழில் வந்தது. ஒரு பிரிவினருக்குச் சாதாரண சாட்பாட் கொடுத்தார்கள். பயிற்சிக் கணக்குகளில் அவர்கள் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. சாட்பாட்டை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்ததும், அதைத் தொட்டே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. தாங்கள் குறைவாகக் கற்றோம் என்று அவர்களுக்கே தோன்றவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. இன்னொரு பிரிவுக்குக் கொடுத்த சாட்பாட் விடையை நேராகச் சொல்லாது. ஆசிரியர்கள் எழுதித் தந்த குறிப்புகளின்படி துப்பு மட்டும் கொடுக்கும். அவர்களுக்குப் பயிற்சியில் மதிப்பெண் 127 சதவீதம் கூடியது, தேர்விலும் அந்தச் சரிவு இல்லை.

இதைப் படித்த பிறகு மாணவர்களுக்கு ஒரு வாசகத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்தேன். கணக்கு கேட்கும் முன் இதைத் தட்டச்சு செய்ய வேண்டும்: "நான் போட்ட படிகளைக் கீழே தருகிறேன். விடை சொல்லாதே. முதல் தவறு எந்த வரியில் என்று மட்டும் சொல். நான் திருத்திய பிறகு அடுத்ததுக்குப் போ." படிகளைப் போடாமல் கேட்டால் இந்த வாசகத்துக்கு அர்த்தமே இல்லை, ஆகவே முதலில் போட்டுப் பார்த்தாக வேண்டும். எல்லோரும் கடைப்பிடிக்கிறார்களா என்றால் இல்லை. தேர்வு நெருங்கும்போது நேரே விடையைக் கேட்கிறார்கள். ஆனால் எப்போது ஏமாற்றிக்கொள்கிறோம் என்பதாவது அவர்களுக்குத் தெரிகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

ஏஐ பற்றிய பாடம் என்றதும் பலர் ஸ்லைடு போட்டு வரலாறு நடத்துகிறார்கள். மாணவர்கள் கையால் ஒரு தடவை செய்து பார்ப்பதற்கு அது ஈடாகாது. நான் அதிகம் நம்பும் மூன்று பாடங்களில் ஒன்றுக்கு மின்சாரமே தேவையில்லை.

ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் அட்டைகள். ஒரு மாணவரைக் கூப்பிட்டு ஐந்துக்கு ஐந்தாக இஷ்டப்படி அடுக்கச் சொல்வேன். "இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குவோம்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையும் நான் சேர்ப்பேன். பிறகு திரும்பி நின்றுகொள்வேன், யாராவது ஒரு அட்டையைப் புரட்டிப் போட வேண்டும். திரும்பிப் பார்த்த உடனே அந்த அட்டையைக் காட்டிவிடுவேன். மந்திரம் என்பார்கள். சூட்சுமம் இதுதான்: நான் சேர்த்த அட்டைகளால் ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் கறுப்பின் எண்ணிக்கை இரட்டைப்படை ஆகிவிட்டது. ஒன்றைப் புரட்டினால் ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் ஒற்றைப்படையாகும். இரண்டும் சந்திக்கும் இடம்தான் அந்த அட்டை. தகவலை அனுப்பும்போதும் சேமிக்கும்போதும் நேரும் பிழையைக் கணினி கண்டுபிடிப்பதற்கு அடிப்படை இந்த யோசனைதான். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'சிஎஸ் அன்பிளக்டு' என்ற பாடத் தொகுப்பில் இது இருக்கிறது, இலவசம். கணினியே இல்லாமல் கணினி அறிவியல் நடத்த இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, கூகுளின் டீச்சபிள் மெஷின். பிரவுசரிலேயே ஓடும். கேமரா முன் பொருளைக் காட்டிப் படங்கள் எடுத்து, இது பேனா, இது ரப்பர் என்று சொல்லிக்கொடுத்தால் அடுத்த முறை அதுவே அடையாளம் சொல்லும். ஒரு குழு பேனாவை ஜன்னல் பக்கம் நின்று காட்டியது. ரப்பரைக் காட்டும்போது ஆள் மாறியதால் இடமும் மாறி, பின்னால் பச்சை போர்டு வந்தது. பயிற்சி முடிந்து சோதித்தார்கள், எல்லாம் சரி. ஒரே கைதட்டல். நான் பேனாவை வாங்கிக்கொண்டு போர்டு முன்னால் போய் நின்றேன். "ரப்பர்" என்றது. ஜன்னலுக்குப் போய் வெறுங்கையைக் காட்டினேன். "பேனா" என்றது. வகுப்பு அடங்க நேரமாயிற்று.

அந்தக் கூச்சலுக்குப் பிறகு நடந்த பேச்சுதான் பாடம். மெஷின் கற்றுக்கொண்டது பேனாவை இல்லை, ஜன்னலை. தவறு மெஷினிடமா, படம் எடுத்தவர்களிடமா? ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஐ-யும் இப்படித்தான் எதையாவது பார்த்துட்டு இருக்குமா?" அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க உருவாக்கிய கருவியைப் பற்றி 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்தியைச் சொன்னேன். பத்தாண்டு விண்ணப்பங்களை வைத்துப் பழக்கினார்கள், அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. கருவி பெண்களின் விண்ணப்பங்களைப் பின்னுக்குத் தள்ளியது. நிறுவனம் அதைக் கைவிட்டது. ஜன்னல் கதை தெரிந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது பாடம் பைத்தான் என்ற நிரல்மொழியில் இரண்டே வரி. ஒரு சொல்லைத் திருப்பிப் போடும் நிரல். ஆங்கிலச் சொற்களுக்கு ஒழுங்காக வேலை செய்யும். 'தமிழ்' என்று கொடுத்தால் முதலில் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தனியாக நிற்கும், அப்புறம் 'ழிமத' என்று வரும். எத்தனை எழுத்து என்று கேட்டால் 5 என்று சொல்லும். நாம் பார்ப்பது மூன்று எழுத்து. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். திருப்பிப் போடும்போது இகரக் குறி மகரத்தை விட்டு ழகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கணினி தப்பு செய்யவில்லை, அதற்கு எழுத்து என்பதே வேறு. இதைச் சரிசெய்யும் நிரலை எழுதும்போது மாணவர்கள் இலக்கண நோட்டைத் திறந்தார்கள், கணினி வகுப்பில் நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஏஐ-யே நிரல் எழுதும்போது நிரலாக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு வரியைத்தான் காட்டுகிறேன். மெஷின் எழுதிக் கொடுத்த நிரல் 'ழிமத' என்று காட்டினால் எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டாமா?

பெயர், ஆண்டு, எண்

சரிபார்ப்பது பற்றி நீட்ட மாட்டேன், வழிமுறை சின்னது. சாட்பாட் கொடுத்த பதிலில் ஒவ்வொரு பெயரையும், ஆண்டையும், எண்ணையும் பென்சிலால் அடிக்கோடிட வேண்டும். ஒவ்வொன்றையும் சாட்பாட்டுக்கு வெளியே தேடிப் பார்க்க வேண்டும். கிடைக்காததை அடித்துவிட வேண்டும். ஒரு மாணவரின் வரலாற்றுத் திட்டப்பணியில் ஆசிரியர் பெயர், பதிப்பகம், பக்க எண் எல்லாம் போட்டு ஒரு நூல் வந்தது. அப்படி ஒரு நூலே இல்லை. பிள்ளைகள் மட்டும்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

இணையப் பக்கங்களுக்கும் இதே பழக்கம்தான். தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அவர்கள் ஒரு புதிய தளத்தைப் பார்த்ததும் அதையே மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்கவில்லை. உடனே வேறு டேபைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். படித்த பேராசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் அந்தப் பக்கத்தின் வடிவமைப்பில் மயங்கி அங்கேயே நின்றார்கள். நல்ல மாணவர் என்றால் ஒரு பக்கத்தை முழுதாகப் படிப்பார் என்று நாம் பழக்கியிருக்கிறோம். இங்கே அது எதிராகப் போகிறது.

ஆசிரியர்கள்

இனி ஆசிரியர்கள் பக்கம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. பெரும்பாலான பயிற்சிகள் ஒரே மாதிரி நடக்கின்றன: பெரிய அறை, முன்னால் ஒருவர் லேப்டாப்போடு, ஸ்லைடில் இருபது ஆப்களின் லோகோ, முடிவில் சான்றிதழ், குரூப் போட்டோ. அடுத்த நாள் வகுப்பில் எதுவும் மாறியிருக்காது. ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை என்று பழி வேறு. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க அவருக்கு ஒரு பாடவேளைகூட ஓய்வு கொடுக்காமல் ஆர்வத்தை எங்கிருந்து எதிர்பார்ப்பது?

எங்களுக்குப் பலன் கொடுத்த முறை வேறு. ஆப் பெயரையே எடுக்க மாட்டோம். "நீங்கள் ஒவ்வொரு வருடமும் நடத்தும்போது பிள்ளைகளுக்குப் புரியாமலே போகும் பாடம் எது?" என்று கேட்போம். எல்லா ஆசிரியரிடமும் இதற்குப் பதில் தயாராக இருக்கும். அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். எங்கே இடறுகிறது, படம் இல்லாததாலா, அசைவு தெரியாததாலா, பயிற்சி போதாததாலா என்று பேசிவிட்டு, அதற்கு மட்டும் ஒரு கருவி தேடுவோம். சில சமயம் கருவியே தேவைப்படாது, ஒரு நல்ல கேள்வி போதும் என்று முடியும். கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-ல் சொன்னது இதுதான்: பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் நல்ல வகுப்பு நடக்கிறது. தொழில்நுட்பத்தைத் தனியே பிரித்து ஊற்றினால் ஒட்டாது.

ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் உயிரியல் ஆசிரியர். மவுஸைப் பிடிப்பதே அவருக்குச் சங்கடம். வற்புறுத்தலின் பேரில் வந்து உட்கார்ந்தார். அவர் பாடத்திலிருந்து ஒரு கேள்வியைச் சாட்பாட்டிடம் பக்கத்திலிருந்த இளம் ஆசிரியை கேட்டார். தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று பதில் வந்தது. பெரியவர் சிரித்துவிட்டார். "பகல்லயும் சுவாசிக்கும்மா. இருபத்தி நாலு மணி நேரமும் சுவாசிக்கும். இந்தத் தப்பைத்தான் முப்பது வருஷமா பேப்பர்ல திருத்திட்டு இருக்கேன்" என்றார். அடுத்த வாரம் அவரே ஒரு வேலை கண்டுபிடித்தார். சாட்பாட்டிடம் பதில்கள் வாங்கி அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோய், "இதுக்கு மார்க் போடுங்க" என்று மாணவர்களிடம் கொடுத்தார். சரியான பதில்களும் தப்பானவையும் கலந்திருக்கும். பிள்ளைகள் சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு பாடப்புத்தகத்தைப் புரட்டிய வேகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை என்றார். மவுஸ் சங்கடம் இன்னும் அப்படியே இருக்கிறது, அச்செடுப்பது இளம் ஆசிரியைதான். இந்த இருவரைப் போல ஜோடி சேர்த்துவிடுவது எந்தப் பயிற்சி முகாமையும்விட உருப்படியானது. ஒருவருக்குப் பாடம் ஆழமாகத் தெரியும், இன்னொருவருக்குக் கருவி தெரியும், யாருக்கும் கூச்சம் இல்லை.

கூச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாணவர்கள் முன்னால் தடுமாறிவிடுவோமோ என்ற பயம்தான் பல ஆசிரியர்களைத் தடுக்கிறது, சோம்பல் இல்லை. வகுப்பில் இரண்டு மாணவர்களைத் தொழில்நுட்ப உதவியாளர்களாக வைத்துவிடுங்கள், சுழற்சி முறையில். புரொஜெக்டர் ஓடவில்லையா, அவர்கள் பாடு. ஆசிரியர் பாடத்தைக் கவனிப்பார். கேபிளைச் செருகத் தெரியாததால் யார் மரியாதையும் குறையவில்லை.

வினாத்தாள் தயாரிப்பில் ஏஐ நேரத்தை மிச்சப்படுத்தும் என்று விளம்பரம் செய்கிறார்கள். முதல் சில மாதங்களுக்கு மிச்சமாகாது. கேள்விகள் கொட்டும், பாதிக்கு மேல் தூக்கிப்போட வேண்டியிருக்கும். நான்கு விடைகளில் இரண்டு சரியாக இருக்கும், அல்லது சரியான விடை மட்டும் நீளமாக இருந்து காட்டிக்கொடுக்கும். "இந்தப் பாடத்தில் கேள்வி கொடு" என்பதை விட்டுவிட்டு, "மாணவர்கள் எடையையும் நிறையையும் குழப்பிக்கொள்கிறார்கள், அந்தக் குழப்பம் இருந்தால் மட்டும் தேர்ந்தெடுக்கும்படி ஒரு தவறான விடை வை" என்று கேட்கத் தெரிந்த பிறகுதான் பலன் வந்தது. அப்படிக் கேட்க, மாணவர்கள் எங்கே குழம்புவார்கள் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு எந்த ஆப்பிலும் இல்லை, திருத்திய விடைத்தாள்களில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. மாணவர் பெயர், மதிப்பெண், உடல்நிலை, குடும்பச் சூழல், இவற்றைப் பொதுச் சாட்பாட்டில் போடவே கூடாது. மதிப்பெண் பட்டியலை அப்படியே ஒட்டி "யார் பலவீனம் என்று சொல்" என்று கேட்பது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. பெயரை எடுத்துவிட்டு மாணவர் 1, மாணவர் 2 என்று போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. வகுப்பறையில் இந்த வகை ஏஐ கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது 13 என்று யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தொடக்கப் பள்ளியில் சாட்பாட் திறந்து பெருமைப்படுபவர்கள் அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

கருவி இல்லாத இடத்தில்

எல்லாக் குழந்தைக்கும் ஒரு லேப்டாப் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு லேப்டாப் திட்டத்தை 319 ஆரம்பப் பள்ளிகளில் ஆராய்ந்தார்கள், முடிவு 2012-ல் வெளியானது. கணினிகள் நிஜமாகவே போய்ச் சேர்ந்தன, மாணவருக்கு 0.12 என்றிருந்த விகிதம் 1.18 ஆனது. கணிதம், மொழித் தேர்வு மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெரியவில்லை. பொது அறிவாற்றல் சோதனைகளில் ஓரளவு பலன் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கருவி போனது, அதை வைத்து என்ன பாடம் நடத்துவது என்பது கூடவே போகவில்லை.

ஆகவே கணினி குறைவு என்று தள்ளிப்போட வேண்டாம். மூன்று பேருக்கு ஒரு கணினி என்றால் அதையே முறையாக்கலாம். ஒருவர் தட்டச்சு செய்வார், வாய் திறக்கக் கூடாது. ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார், விசைப்பலகையைத் தொடக் கூடாது. மூன்றாமவர் நடப்பதை நோட்டில் எழுதிக்கொண்டு "ஏன்" என்று மட்டும் கேட்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றம். சொல்பவர் தெளிவாகச் சொல்லாவிட்டால் வேலை நகராது என்பதால், தனியாக உட்கார்ந்து க்ளிக் செய்யும் மாணவரைவிட இவர்கள் நன்றாக யோசிக்கிறார்கள். கணினி போதுமான அளவு வந்த பிறகும் இந்த முறையை நாங்கள் விடவில்லை.

இன்னும் தீராத சிக்கல் வாய்மொழிக் கேள்விகளில் இருக்கிறது. எழுதியது யார் என்பதை அறிய அதுதான் நம்பகமான வழி. ஆனால் 40 பேர் இருக்கும் வகுப்பில் ஆளுக்கு 3 நிமிடம் என்றாலே 2 மணி நேரம். இப்போதைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் எட்டுப் பேரை மட்டும் கேட்கிறோம். யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லோரும் தயாராக வருகிறார்கள். பேசக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது தண்டனையாகிவிடக் கூடாது என்பதால், கேள்வியைத் தாளில் கொடுத்து அங்கேயே உட்கார்ந்து நான்கு வரி எழுதித் தரவும் விடுகிறோம். கேள்விகள் ரொம்ப எளியவை: இதில் எந்த வாக்கியத்தை எழுத அதிக நேரம் ஆனது, எதை எழுதிவிட்டு அடித்தாய், மெஷின் சொன்னதில் எதை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது கேள்விக்கு "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்" என்று பதில் வந்தால் அந்த ஒப்படைப்பு திரும்பிப் போகும். மதிப்பெண் குறைப்பதில்லை, இன்னொரு தடவை செய்து வர வேண்டும், அவ்வளவுதான்.